பதினொன்றா, பன்னிரண்டா

ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். கந்தப்பனின் கட்டைவிரல் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பதினொன்றா, பன்னிரண்டா?

தீப்பெட்டி அளவுப் பாட்டுப் பெட்டி அது. திரையில் நம்பர் மட்டும்தான் தெரியும். இரண்டில் ஒன்று கெட்டிமேளம். மற்றது சாவுக்கு அடிக்கிற தப்பு.

அசல் மேளக்காரர்கள் கினிகத்தேனைப் பக்கம், மண் சரிந்த ரோட்டுக்கு அந்தப்புறம், வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். "நான் இருக்கையில மேளம் என்னத்துக்கு?" என்று வாயைக் கொடுத்தவன் கந்தப்பன்தான்.

ஹட்டன் டவுனிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்து விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன். போனில் பாட்டுப் போடமாட்டான். நடுவில் யாராவது கூப்பிட்டால் மணவறையே அதிரும். அதற்கென்று வாங்கிய பெட்டியில் இடம் கையகலம். கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்க அவனுடைய வியாபார மூளை ஒப்பவில்லை. விடிகாலையில் எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கசக்கிப் பிழிந்து, சுருக்கி, ஒரே பெட்டிக்குள் திணித்துவிட்டான்.

பாட்டுகள் சுருங்கின. கூடவே பேர்களும் காணாமல் போயின. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டிருந்தது. கூட்டம் சேருமுன் ஒவ்வொன்றாக ஓடவிட்டதில் மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. மிஞ்சியது இந்த இரண்டும்.

காதில் மாட்டி ஒரு தரம் கேட்டால் போதும். ஆனால் இருக்கிற ஒரே ஓட்டையில் ஸ்பீக்கர் வயர். அதைப் பிடுங்கினால் ஓடுகிற பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் முன்வரிசையில் இருக்கிற மாப்பிள்ளையின் கொத்மலை அத்தை எழுந்துவிடுவாள்.

மாப்பிள்ளையைத் தன் மகளுக்கென்று நினைத்து வைத்திருந்தவள் அவள். காலையில் காற்றுக்கு விளக்கு அணைந்ததற்கே, "இன்னொண்ணு இப்படி நடக்கட்டும், மாலையக் கழட்டச் சொல்லிருவேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லியிருந்தாள். தாலி ஏறுகிற நேரத்தில் சாவுத் தப்பு கேட்டால், மணப்பெண் தனுஜா லயத்து வீட்டுக்குத் தனியாகத் திரும்ப வேண்டியதுதான்.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், கந்தப்பனுக்குப் பக்கத்தில், தனுஜாவின் அம்மா காளியாயி நின்றாள். பொட்டில்லாத நெற்றியோடு முன்னால் வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லுமுன் அவளே வந்து ஒதுங்கிக்கொண்டாள்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

கந்தப்பன் பதினொன்றை அமுக்கினான்.

டங்.

ஓர் இடைவெளி.

டங்.

தப்பேதான். சுருக்கியதில் பாதி உயிர் போயிருந்தது. இருந்தாலும் மூன்றாவது அடி விழுந்தால் தோட்டத்துக் கைக்குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். அவன் விரல் மரத்துப்போனது. முன்வரிசையில் அத்தையின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

கந்தப்பனின் காதோரம் குலவை வெடித்தது.

காளியாயி.

புருசன் இல்லாதவள் கல்யாண வீட்டில் போடக் கூடாத குலவை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்ததால் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்துப் பெண்கள் அதைக் கையேந்தி வாங்கிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் அத்தையின் நாக்கும் சேர்ந்து சுழன்றது.

அந்த இரைச்சலுக்கு அடியில் தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. தாலி ஏறியது. அதற்குப் பிறகுதான் அவன் விரலுக்கு உயிர் வந்து பன்னிரண்டுக்குத் தாவியது.

எல்லாரும் பந்திக்கு நகர்ந்ததும் கந்தப்பன் தொண்டையைச் செருமினான்.

"மன்னிச்சிரு தங்கச்சி. எந்த வீட்டுச் சாவுலயோ பதிஞ்சது. இப்பவே அழிச்சிர்றேன்."

பொய்யில்லை. சாவு வீடுகளில் அவன் முகங்களைப் பார்ப்பதில்லை. பிளக் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பான்.

காளியாயி பாட்டுப் பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அழிச்சிறாதீங்கண்ணே. எங்க வீட்டுலதான் பதிஞ்சீங்க."

மணவறைப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"புள்ள கல்யாணத்துல நின்னுட்டுத்தான் போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்த மனுசன்."