கதவு பொய் சொல்லாது

இந்தப் போகிக்கும் எங்கள் அடுக்குமாடிக் கனவான்கள், நானும் சேர்த்தி, பழைய மெத்தையையும் டயரையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டு, வடிகட்டிய காற்று வீசும் வீடுகளுக்குள் ஓடி ஒளிந்துகொண்டோம். அந்தப் புகைக்குள் நடந்து வீட்டுவேலைக்கு வந்தாள் டில்லிராணி. மூச்சைச் சோதித்துவிட்டுத் திறக்கும் வாசல் கதவு, அவள் இருமியதும் "தொற்று! தொற்று!" என்று கத்தியது.

"நோயெல்லாம் இல்ல சார், புகைதான். நீங்க கொளுத்துனதுதான்."

"கதவு பொய் சொல்லாதும்மா," என்றார் எங்கள் சங்கச் செயலாளர் ஞானசேகர்.

விதிப்படி, கதவு பிடித்துக்கொடுப்பவர்களை அடைத்துவைக்கும் இருமல் அறைக்குள் அவளைத் தள்ளினோம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏற்கெனவே நான்கு பேர் காய்ச்சலோடு கிடந்தார்கள். புகையில் புண்ணான நெஞ்சு. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பொங்கலன்று அவளுக்கும் காய்ச்சல். மாட்டுப் பொங்கலன்று செத்துப்போனாள்.

"பாத்தீங்களா? நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கதவு கண்டுபிடிச்சிருச்சு!" ஞானசேகர் பூரித்துப்போனார். மறுநாள் கதவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாம்பிராணியும் காட்டினார். புகை அவர் மூக்கிலேயே ஏறியது. இருமினார்.

"தொற்று! தொற்று!" என்று கத்தியது கதவு.

"ஐயய்யோ, நோயெல்லாம் இல்லைங்க, புகைதான்!"

அவர் சொன்னதை நாங்கள் அத்தனை பேரும் உடனே நம்பினோம். கதவைப் பழுதுபார்க்க அன்றைக்கே ஆள் வந்தான்.