சிவப்புப் பொத்தானுக்கு விட்ட துளை

காட்டூர் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் ஆயுதபூஜை வெயில் சாய்ந்து விழுகிறது. தமிழ்மணி தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய, மரம் செதுக்கும் சிஎன்சி ரௌட்டர் சந்தனமும் குங்குமமுமாக நிற்கிறது. கட்டர் மாட்டிய மோட்டாரின் கழுத்தில் அவன் மனைவி ரஞ்சனி மல்லிகைச் சரத்தைச் சுற்றுகிறாள். சரத்தின் மறுமுனை இன்னும் அவள் விரலில் இருக்கிறது. "பூ வெச்சாச்சுல்ல? ஒரு தடவ ஓட்டிடுறேன்" என்று அவன் லேப்டாப்பில் ஸ்டார்ட்டைத் தட்டுகிறான். "இருங்க, இன்னும் முடியல" என்கிறாள். மோட்டார் அலறுகிறது. பூக்கட்டிய நூல் விறைத்து அவள் விரலை உள்ளே இழுக்கிறது. கண்ணாடி வளையல்கள் நொறுங்கித் தெறிக்கின்றன. மல்லிகை சிவப்பாகச் சிதறுகிறது. தமிழ்மணி கண்ட்ரோல் பெட்டியின் முகப்பில் ஓரிடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடிக்கிறான். ஆபத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கென்று அவனே அறுத்துவைத்த வட்டத் துளை அது. மோட்டாரை மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வாங்கியவன், பொத்தானை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அந்த வெறுந்துளைமேல் மறுபடி மறுபடி அடிக்கிறான்.