கத்தரிக்காயில் ஒரு ஓட்டை

முயலின் தோட்டத்துக்கு வந்து இன்னும் காய் வாங்குவது அணில் ஒருத்திதான். அன்று கூடை நிறையப் பறித்த பிறகுதான், ஒரு கத்தரிக்காயில் ஓட்டை இருப்பதைப் பார்த்தாள். உள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது.

"என்ன முயலண்ணே இது? பிள்ளைங்களுக்குச் சமைக்கிற காய்!" கூடையை அப்படியே கவிழ்த்தாள். "குரங்கு கடைக் காயில ஒரு கீறல்கூட இருக்காது. நான் அங்கேயே போறேன்."

முயலின் காதுகள் தொங்கிப்போயின. இவளும் போய்விட்டால் அத்தனை காயும் செடியிலேயே அழுக வேண்டியதுதான். அணில் வேலியில் ஏறிவிட்டாள்.

"அக்கா, நில்லுங்க!" என்று புழு கத்தியது. "எங்கண்ணனும் பளபளன்னு இருக்குன்னுதான் அந்தக் கடைக்குப் போனான்."

"போய்?"

"ஒரு வாய்தான் கடிச்சான். அவ்வளவு பூச்சிமருந்து. அங்கேயே சுருண்டுட்டான்."

அணில் வேலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி வந்து, சிதறிய காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். புழு இருந்த காயை மட்டும் முயலிடம் நீட்டினாள்.

"இதை நிழல்ல வைங்கண்ணே. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."