டாங்க்கில் தண்ணீர்

மெக்கானிக் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

“மறுபடியும் தண்ணிதான் அக்கா. பங்க்கை மாத்தச் சொன்னேனே?”

“மாத்திட்டேன்பா. எல்லாருமே கலப்படக்காரங்களா இருக்காங்க.”

“டாங்க்கைக் கழட்டிக் கழுவணும். சாயங்காலம் ஆயிடும்.”

“ஆகட்டும், அவசரமில்ல” என்றாள் அவள்.

கைப்பேசி அலறியது. மேனேஜர். “வண்டி நின்னுடுச்சு சார், இன்னிக்கு வர முடியாது.”

வைத்ததும் மாமியார். “வண்டி நின்னுடுச்சு அத்தை. சமையலை நீங்களே பாத்துக்கங்க.”

அடுத்து கணவன். “ஷெட்லதாங்க இருக்கேன். பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க.”

கைப்பேசியை அணைத்தாள். ஷெட் மூலையில் யாரோ கழற்றிப் போட்டிருந்த கார் சீட்டில் சாய்ந்தாள். பக்கத்திலேயே தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

சாயங்காலம் சாவியை நீட்டிய மெக்கானிக் கொஞ்சம் தயங்கினான்.

“அக்கா, இனிமே டாங்க்ல தண்ணி ஊத்தாதீங்க. இன்ஜின் பாவம்.”

அவளுக்கு முகம் வெளிறிப்போனது.

“தூக்கம் வந்தா சும்மாவே வாங்க. வீட்டுல கேட்டா, வண்டி ரிப்பேர்னு நான் சொல்லிக்கறேன்.”