பன்னிரண்டும் ரெடி

"இப்பவே ஒரு மாதிரிப் பரீட்சை வெச்சுடலாம். லேப்டாப்பைத் திற."

"பட்டப்பகல்ல போன் பண்ணி பரீட்சையா? ஆபீஸ்ல வேலை இல்லையா உங்களுக்கு?"

"திறன்னா திற. பதினஞ்சு நிமிஷம். கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு."

கணவனின் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நாளை மூன்றாவது முறை. கிளஸ்டர் நிர்வாகத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. பாடம் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தால்தான் விரல்கள் மரத்துவிடும். இந்த முறையும் தோற்றால், பேசி வைத்திருக்கும் வேலை கைநழுவிவிடும். எதிர்ச் சுவரில், கணவன் முதல் முயற்சியிலேயே தேறி வாங்கிய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

அவனுடைய திரை அவள் திரையில் விரிந்தது.

"கேள்வி இதான். மொத்தம் எத்தனை நோடு, அதுல எத்தனை ரெடி? ரெடி இல்லாததை ரெடி ஆக்கணும்."

ஒன்றாக உழைக்கும் கணினிகளின் கூட்டம் கிளஸ்டர். அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. கட்டளையைத் தட்டினாள். பன்னிரண்டு வரிகள் வந்தன. மூன்றில் ரெடி. ஒன்பதில் நாட் ரெடி.

"என்னங்க இது, பன்னெண்டு? பரீட்சைல மூணு நாலுதானே குடுப்பாங்க."

"கஷ்டமாப் பழகினா நாளைக்கு சுலபமா இருக்கும். பேசாம செய்."

"ஒரே ஒரு க்ளூ?"

"பரீட்சைல யாரு குடுப்பா?"

"சரி, ஒன்பதையும் நீக்கிட்டுப் புதுசா சேர்த்துடவா?"

"ஐயோ, வேண்டாம்! எதையும் நீக்காத!"

காது அடைத்துப்போயிற்று.

"பழகத்தானே செய்யறோம், எதுக்கு இப்படி அலர்றீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது. ஒரே ஆளின் மூச்சு போலத் தெரியவில்லை.

"உங்க ஆபீஸ்ல எப்பவும் போன் அடிச்சுக்கிட்டே இருக்குமே. ஒரு சத்தத்தையும் காணோம்?"

"ஏழு நிமிஷம் போச்சு."

விரல்கள் மரத்தன. செத்துக் கிடந்த முதல் நோடுக்குள் நுழைந்தாள். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று தலைமைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய சிறு நிரல் நின்றுபோயிருந்தது. எழுப்பினாள். விழுந்தது. மறுபடி எழுப்பினாள். மறுபடி விழுந்தது.

"பத்து நிமிஷம்! சீக்கிரம்!"

"பயமுறுத்தாதீங்க. கண்காணிப்பாளர்கூட இவ்வளவு படுத்த மாட்டார்."

தோற்ற இரண்டு முறையும் பயத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்த நிரல் விழுமுன் எழுதிவைத்த குறிப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள்.

"ஸ்வாப்! யாரோ இந்த ஒன்பதையும் ரீஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. அப்போ ஸ்வாப்ங்கற வசதி தானா ஆன் ஆயிருக்கு. அது ஆன்ல இருந்தா இந்த நிரல் எழுந்திரிக்காது. எந்தப் புத்திசாலி பண்ணின வேலையோ!"

"அதெல்லாம் அப்புறம். பன்னெண்டு நிமிஷம் ஆச்சு."

ஸ்வாப்பை அணைத்து நிரலை எழுப்பினாள். அந்த வரி நாட் ரெடியிலேயே நின்றது. பிறகு ரெடி. அடுத்த நோடு. அதற்கடுத்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"பதினாலு நிமிஷம்! பன்னெண்டும் ரெடி! நான் பாஸா?"

அவனுக்குப் பின்னால் ஒரு தொலைபேசி அடித்தது. இன்னொன்று. பிறகு அறை முழுவதும். யாரோ ஒரு பெண் பாய்ந்து எடுப்பது கேட்டது.

"ஆம்புலன்ஸ் சேவை... அழாதீங்க, எங்கே இருக்கீங்கன்னு சொல்லுங்க!"

"அப்போ இது... மாதிரிப் பரீட்சை இல்லையா?"

"ரீஸ்டார்ட் பண்ணின புத்திசாலி நான்தாம்மா," என்றான் சான்றிதழுக்குச் சொந்தக்காரன். "அந்த க்ளூ எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பேனா?"