விரிவாக்கப் பணி

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

மற்ற பதினொரு பெண்களும் தத்தம் தையல் மெஷின் பக்கத்தில், சான்றிதழை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்கள். போட்டோவுக்கு அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

போட்டோ எடுத்தாயிற்று.

பல்கலைக்கழகத்து வேன் பின்பக்கமாக வந்து பந்தலை ஒட்டி நின்றது.

பல்கலைக்கழகம் இந்த ஊரைத் தத்தெடுத்திருக்கிறது. ஊர் எல்லையில் பச்சைப் பலகையே நட்டிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், ஊரைக் கேட்டா தத்தெடுத்தார்கள்? அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் விஷயம்.

மூன்று மாதப் பயிற்சி. முடித்ததும் ஆளுக்கொரு மெஷின் என்று முதல் நாள் மைக்கில் சொன்னார் பேராசிரியர்.

அதை நம்பித்தான் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையை விட்டாள். மறுநாளே அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள் இப்போதுதான் நிறம் திரும்புகின்றன.

"எல்லாத்தையும் ஏத்துங்கப்பா."

சொன்னவர் அதே பேராசிரியர். தோளில் பொன்னாடை இன்னும் நழுவவில்லை.

"சார், ஆளுக்கொண்ணுன்னீங்களே?" என்றாள் பக்கத்து மெஷின் அஞ்சலாட்சி.

அவர் சிரித்தார். என்ன பொறுமையான சிரிப்பு!

"கத்துக்கறதுக்கு ஆளுக்கொண்ணு குடுத்தமேம்மா! இன்னும் எட்டு ஊரு இருக்கு. நம்ம திட்டத்தப் பத்தி டெல்லியில பேசுறாங்க, தெரியுமா?"

டெல்லி என்ற சொல்லை மிட்டாய் போலச் சப்பினார்.

வேனுக்கு அருகில் இருந்தது அவளுடைய மெஷின். தொப்பி போட்ட மாணவர்கள் இரண்டு பேர் அதை நோக்கி வந்தார்கள்.

அவள் முந்தானையை இழுத்தாள். ஓரத்தை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கினாள். சக்கரத்தைக் கையால் அரைச்சுற்று திருப்பினாள்.

ஊசி புடவைக்குள் இறங்கி நின்றது.

மாணவர்கள் மெஷினைப் பார்த்தார்கள். அதிலிருந்து அவள் தோள்வரை போகும் புடவையைப் பார்த்தார்கள். நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பாவம்.

"துணிய எடும்மா," என்றார் பேராசிரியர்.

"தச்சிக்கிட்டிருக்கேன் சார்."

"எவ்ளோ நேரம்?"

"அவசரப்பட்டாக் கோணிக்கும்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க."

அவள் கால் பெடலைத் தொடவே இல்லை.

அவர் முன்னால் வந்து மெஷின்மேல் கை வைக்கப் போனார். போட்டோகிராபர், வேறென்ன செய்வான், பழக்கத்தில் கேமராவைத் தூக்கினான்.

காலையிலிருந்து கேமராவைத் தேடித் தேடிச் சிரித்த மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டிரைவர் எஞ்சினை அணைத்தான்.

அந்த அமைதியில் பக்கத்து மெஷினில் பாதம் இறங்கும் சத்தம் கேட்டது.

டக்.

அஞ்சலாட்சியின் சான்றிதழ் மண்ணில் கிடந்தது.

அஞ்சலாட்சிக்கு அடுத்து நின்றவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவிக்கொண்டிருந்தாள்.