விற்பனைக்கு நின்ற விமானம்

ஆறு வருஷமாகக் கொட்டகையில் கிடந்த நான்கு இருக்கை விமானம் விற்பவர் அடித்த புதுப் பெயிண்டில் அன்று பளபளத்தது. அதை வாங்கி ஊர் ஊராகச் சுற்றும் ஆசையில், விமானம் ஓட்டத் தெரிந்த தமயந்தி தன் கணவனோடும் இரண்டு பெண்களோடும் வந்திருந்தாள். பெண்கள் பின்சீட்டில் ஏறி, "முதல்ல கடலுக்கு மேல போலாம்மா!" என்று குதித்தார்கள். விமானத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் அதன் இடது இறக்கையில், பெயிண்டுக்கு அடியில் உலோகம் அரித்துப்போயிருந்தது.

"இவங்ககிட்ட காட்டிடவா?" என்று கொட்டகைக் கூரையில் கூடு கட்டியிருந்த மைனாவிடம் விமானம் கேட்டது.

"பேசாம நில்லு. இவங்களையும் விட்டா, அடுத்து உன்னை உடைச்சு எடைக்குத்தான் போடுவாங்க," என்றது மைனா.

விமானத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. பின்சீட்டில் சிரிப்பு ஓயவில்லை. தமயந்தி முன்சீட்டில் ஏறி இன்ஜினை முடுக்கியதும், விமானம் வேண்டுமென்றே இடப்பக்கத்தை உதறியது. பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டது மைனா.

தமயந்தி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். அரித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விற்பவரின் முகம் சுண்டிப்போனது.

"நல்லவேளை, தரையிலேயே தெரிஞ்சுது," என்றாள் அவள். "இதைச் சரிபண்ணிக் குடுங்க. எத்தனை மாசம் ஆனாலும் நாங்க காத்திருக்கோம்."